வீவக வீட்டுத் தரையில் ஓடப்போகும் லெகோ இன்ஜின்: எந்த ரயில், எந்த மின்சாரம், எந்த மோட்டார்?

சொந்தமாக ஒரு ரயில் இன்ஜினை லெகோ கட்டைகளில் வடிவமைத்து ஓடவிட நினைப்பவர் பெரும்பாலும் அதன் தோற்றத்திலிருந்தே தொடங்குகிறார். பழைய புகைப்படங்களைத் தேடுகிறார், முகப்பின் சாய்வை எந்தக் கட்டையால் கொண்டுவரலாம் என்று யோசிக்கிறார், நிறங்களை முடிவு செய்கிறார். மோட்டாரையும் பேட்டரியையும் கடைசியில் எங்கேனும் நுழைத்துவிடலாம் என்று ஒதுக்கிவைக்கிறார். இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பதே என் கருத்து. மின்சாரம் எங்கிருந்து வருகிறது, அது எந்தப் பெட்டிக்குள் அடங்கியிருக்கிறது, அந்தப் பெட்டி இன்ஜினின் எந்தப் பகுதியில் உட்காரும் என்பவை முடிவான பிறகுதான் உடலின் அகலமும் நீளமும் முடிவாக முடியும். ஆகவே இங்கே ஒப்பிடப்படும் தேர்வுகள் எல்லாம், நாலறை அல்லது ஐந்தறை வீவக வீட்டின் கூடத்தில் வார இறுதியில் பாதை விரித்து, அன்று இரவே எடுத்துவைக்கும் ஒருவரின் நிலையிலிருந்து பார்க்கப்படுகின்றன.

எந்த ரயிலை முன்மாதிரியாக எடுப்பது

சிங்கப்பூரில் இருப்பவருக்கு மூன்று வகை ரயில்கள் இயல்பாக நினைவுக்கு வரும். முதலாவது, 1987 நவம்பர் 7ஆம் தேதி இயோ சூ காங்குக்கும் தோ பாயோவுக்கும் இடையே சேவை தொடங்கிய எம்ஆர்டி, அதிலும் முதல் தலைமுறையாக வந்த கவாசாக்கி சி151. இரண்டாவது, 1932இல் திறக்கப்பட்ட தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து 2011 ஜூன் 30 வரை புறப்பட்டுக்கொண்டிருந்த கேடிஎம் ரயில்களை, அதாவது மலாயா ரயில்வேயின் வழிவந்த மலேசிய ரயில்வேயின் வண்டிகளை, இழுத்த டீசல் இன்ஜின்கள். மூன்றாவது, அவற்றுக்கும் முந்திய மலாயா ரயில்வேயின் நீராவி இன்ஜின்கள், குறிப்பாகக் கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் நிறுவனம் கட்டிய முன்னால் நான்கு, நடுவில் ஆறு, பின்னால் இரண்டு சக்கரங்கள் என்ற 4-6-2 அமைப்புள்ள 56 வகுப்பு. பாட்டனோ முப்பாட்டனோ மலாயா ரயில்வேயில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே குறைவில்லை. அத்தகைய வீட்டிலிருந்து வருபவர் மூன்றாவதை நோக்கியே சாய்வார் என்பதில் வியப்பில்லை. ஆனால் கட்டுவதற்கு மூன்றிலும் கடினமானது அதுவே.

கடினத்தை அளக்கும் கோல், எவ்வளவு எளிதாக ஒரு பேட்டரிப் பெட்டியை ஒளிக்கலாம் என்பதுதான். டீசல் இன்ஜின் என்பது நிஜத்திலும் இயந்திரம் நிரம்பிய ஒரு நீண்ட பெட்டி. பக்கங்களில் சன்னல்கள் குறைவு, காற்றுத் துளைத் தட்டிகளே அதிகம். ஆகவே உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கப்போவதில்லை. எம்ஆர்டி பெட்டியோ பக்கம் முழுவதும் சன்னலும் கதவுமாக இருப்பது; கறுத்த கண்ணாடிக் கட்டைகளால் மூடினாலொழிய உள்ளிருக்கும் கம்பிகள் தெரிந்துவிடும். நீராவி இன்ஜினில் கொதிகலன் உருளையாகவும் ஒடுக்கமாகவும் இருப்பதால், பேட்டரியைப் பின்னால் வரும் டெண்டர் எனும் எரிபொருள், நீர் வண்டிக்குள் தள்ளிவிட்டு, கம்பியை இரு வண்டிகளுக்கும் இடையே இழுத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. முதல் இன்ஜினுக்கு டீசல் என்ற என் பரிந்துரை இந்த ஒரு காரணத்தாலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

அகலமும் அளவீடும்

கட்டையின் தலையிலுள்ள குமிழ் ஸ்டட் எனப்படுகிறது. இரண்டு குமிழ்களின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 8 மில்லிமீட்டர். லெகோ தண்டவாளத்தின் உள்விளிம்புகளுக்கு இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 37.5 மில்லிமீட்டர். எம்ஆர்டி ஓடும் 1,435 மில்லிமீட்டர் பாதையை இதனோடு ஒப்பிட்டால் அளவீடு ஏறத்தாழ 1:38 என்று வரும். அந்த அளவீட்டில் ஏறத்தாழ 3.2 மீட்டர் அகலமுள்ள சி151ஐக் கட்டினால் 10 ஸ்டட்டைத் தாண்டிவிடும். அவ்வளவு அகலத்தை லெகோ வளைவுகள் தாங்குவதில்லை. ஆகவே பெரும்பாலோர் தண்டவாள அளவை மறந்துவிட்டு, உடலை மட்டும் 1:48 அளவீட்டுக்கு அருகில் வைத்துக்கொள்கிறார்கள்; அப்போது சி151இன் அகலம் 8 ஸ்டட்டுக்குச் சற்று மேலாக, 8 என்றே எடுத்துக்கொள்ளத்தக்கதாக அமைகிறது.

கேடிஎம் இன்ஜின்களுக்குக் கணக்கு வேறு. மலாயா ரயில்வேயின் பாதை ஒரு மீட்டர் அகலமே உடையது. அத்தகைய பாதைகளில் ஓடும் டீசல் இன்ஜின்களின் உடல் பொதுவாக 2.7, 2.8 மீட்டர் அளவிலேயே இருக்கும். 1:48இல் இது கிட்டத்தட்ட மிகச் சரியாக 7 ஸ்டட். சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம் 21 மில்லிமீட்டராக இருக்க வேண்டிய இடத்தில் 37.5 மில்லிமீட்டர் இருப்பதால் கீழ்ப்பகுதி உண்மையைவிடப் பரந்து நிற்கும் என்பதை ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும். பக்கச் சட்டங்கள் சக்கரங்களை மறைத்துவிடுவதால், மேலிருந்து பார்ப்பவருக்கு அது உறுத்துவதில்லை.

இங்கேதான் 6, 7, 8 என்ற மூன்று அகலங்களுக்கும் இடையிலான தேர்வு வருகிறது. லெகோ நிறுவனம் தன் ரயில்களைப் பெரும்பாலும் 6 ஸ்டட் அகலத்தில் வெளியிட்டுவந்திருக்கிறது. கட்டைகள் குறைவு, எடை குறைவு, எந்த வளைவிலும் தட்டாது. ஆனால் லெகோவின் மின்முறைகளில் ஒன்றான பவர்டு அப் வகையின் ஹப் எனப்படும் பேட்டரிப் பெட்டி ஏறத்தாழ 4 ஸ்டட் அகலமும் 8 ஸ்டட் நீளமும் உடையது. அதை 6 ஸ்டட் உடலுக்குள் வைத்தால் இருபுறமும் ஒரே ஒரு ஸ்டட் தடிப்புள்ள சுவர் மட்டுமே மிஞ்சும். காற்றுத் துளைகளையும் கைப்பிடிகளையும் ஆழத்தோடு காட்ட இடமிராது. 8 ஸ்டட் உடலில் பக்கத்துக்கு இரண்டு ஸ்டட் கிடைக்கிறது. தட்டை எனப்படும் மெல்லிய கட்டை ஒன்றின் உயரம் 3.2 மில்லிமீட்டர், ஐந்து தட்டைகளை அடுக்கினால் 16 மில்லிமீட்டர், அதாவது சரியாக இரண்டு ஸ்டட். எனவே கட்டைகளைப் பக்கவாட்டில் திருப்பி அடுக்கிச் சுவர் எழுப்புபவருக்கு அந்த இரண்டு ஸ்டட் இடம் அளந்துவைத்தாற்போல் பொருந்தும்.

7 ஸ்டட் அகலம், கேடிஎம் இன்ஜினுக்கு அளவீட்டளவில் மிகச் சரியானது என்றாலும், கட்டுவதற்கு மூன்றிலும் சிரமமானது. ஹப்பின் அகலமும் மோட்டாரைத் தாங்கும் மைய முளையின் அமைப்பும் இரட்டை எண் அகலத்தை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. ஒற்றை எண் அகலமுள்ள உடலின் நடுவில் அவற்றை நிறுத்த, நடுவில் ஒற்றைக் குமிழுள்ள ஜம்பர் தட்டைகளைக் கொண்டு அரை ஸ்டட் நகர்த்த வேண்டியிருக்கும். அடிச்சட்டம் முழுவதும் அப்படி நகர்த்தப்பட்ட இணைப்புகளில் தங்கியிருந்தால், இன்ஜினைத் தூக்கும்போதெல்லாம் எங்கேனும் ஒன்று கழன்றுவிடும். அடிச்சட்டத்தை 6 ஸ்டட் அகலத்தில் உறுதியாகக் கட்டி, பக்கச் சுவர்களை மட்டும் அரை ஸ்டட் வெளியே தள்ளித் தொங்கவிடுவது இதற்கு நல்ல மாற்று வழி. இரண்டாவது இன்ஜினாக வைத்துக்கொள்ள வேண்டிய வேலை இது.

வளைவு சொல்லும் தீர்ப்பு

லெகோவின் வளைவுத் தண்டவாளம் 40 ஸ்டட் ஆரம் உடையது, அதாவது 320 மில்லிமீட்டர். 16 துண்டுகள் சேர்ந்தால் முழு வட்டம். அந்த வட்டத்தை விரிக்க ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் இடம் போதும் என்பதால் கூடத்து நாற்காலிகளுக்கு நடுவிலும் அடங்கிவிடும். ஆனால் நீண்ட வண்டி அந்த வளைவில் செல்லும்போது அதன் நடுப்பகுதி உள்நோக்கித் தள்ளப்படுகிறது. முன், பின் சக்கரத் தொகுதிகளின் மையங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை வர்க்கப்படுத்தி, ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் அந்தத் தள்ளல் எவ்வளவு என்பது தோராயமாகக் கிடைக்கும். மையத் தூரம் 20 ஸ்டட் எனில் 10 மில்லிமீட்டர். 30 ஸ்டட் எனில் 22 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 40 ஸ்டட் எனில் 40 மில்லிமீட்டர், அதாவது முழுதாக ஐந்து ஸ்டட். தூரம் இரட்டிப்பானால் தள்ளல் நான்கு மடங்காகிறது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

ஏறத்தாழ 23 மீட்டர் நீளமுள்ள எம்ஆர்டி பெட்டியை 1:48இல் உண்மையாகக் கட்டினால் 60 ஸ்டட் வரும். மையத் தூரம் 40 ஸ்டட்டை எட்டும். பக்கத்துப் பாதையில் இன்னொரு ரயில் வளைவில் வந்தால் ஒன்றின் வயிறும் மற்றொன்றின் முனையும் உரசிக்கொள்ளும். பெட்டியை 40 ஸ்டட்டாகச் சுருக்கி, மையத் தூரத்தை 26 ஸ்டட்டில் நிறுத்தினால் தள்ளல் இரண்டு ஸ்டட் அளவுக்குக் குறையும். ஆனால் சி151இன் பக்கத்துக்கு நான்கு கதவுகளில் ஒன்றையாவது விட்டுவிட நேரும். கதவை எண்ணிப் பார்க்கும் ரசிகர் நம்மிடையே நிச்சயம் இருப்பார். மாற்று வழி, டிரிக்ஸ்பிரிக்ஸ், பிரிக்டிராக்ஸ் போன்ற பிற நிறுவனங்கள் விற்கும் பெரிய ஆர வளைவுகளை வாங்குவது. 104 ஸ்டட் ஆரத்தில் அதே 60 ஸ்டட் பெட்டியின் தள்ளல் 15 மில்லிமீட்டராகக் குறைகிறது. ஆனால் முழு வட்டத்துக்கு 1.7 மீட்டருக்கு மேல் தரை வேண்டும். இடையில் உள்ள 72 ஸ்டட் ஆரத்துக்கு ஏறத்தாழ 1.2 மீட்டர் போதும். கூடத்தில் நடமாட வழி விட்டுவிட்டுப் பாதை விரிக்க விரும்புவோருக்கு இதுவே நடைமுறைக்கு ஒத்தது.

டீசல் இன்ஜினோ 40 ஸ்டட் நீளத்திலேயே 1:48இல் 15 மீட்டருக்கு ஈடாகிவிடுகிறது. மையத் தூரத்தை 22, 24 ஸ்டட்டில் வைத்தால் சாதாரண வளைவிலேயே கண்ணியமாக ஓடும். பெரிய வளைவுகளை வாங்காமல் விடுவதில் மிஞ்சும் வெள்ளியைக் கொண்டு இன்னொரு மோட்டாரே வாங்கிவிடலாம்.

மின்சாரம்: தண்டவாளத்திலா, வயிற்றிலா

லெகோ ரயில்கள் 1966இலிருந்து பல மின்முறைகளைக் கண்டிருக்கின்றன. இன்று தேர்வுக்கு உரியவையாக நிற்பவை நான்கு: 1991இல் வந்த 9 வோல்ட் உலோகத் தண்டவாளம், 2009ஐ ஒட்டி ரயில்களுக்கு வந்த பவர் ஃபங்ஷன்ஸ், 2018இல் அதன் இடத்தைப் பிடித்த பவர்டு அப், பிற நிறுவனங்களின் ப்ளூடூத் பெட்டிகள்.

9 வோல்ட் முறையின் கவர்ச்சி எளிது. மின்சாரம் தண்டவாளத்திலேயே ஓடுவதால் இன்ஜினுக்குள் பேட்டரியே தேவையில்லை. உடலை எந்த அகலத்திலும் கட்டலாம், ஓட்டுநர் அறைக்குள் இருக்கை கூட வைக்கலாம், மணிக்கணக்கில் நிறுத்தாமல் ஓட்டலாம். ஒடுக்கமான நீராவி இன்ஜின் கட்டுபவர்கள் இதை இன்னும் விடாமல் வைத்திருப்பது இதனால்தான். ஆயினும் நம் சூழலில் இதன் குறைகள் பெரிதாகத் தெரிகின்றன. லெகோ இந்த வகையைத் தயாரிப்பதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகிவிட்டதால் மோட்டார்கள் பழைய சந்தையில்தான் கிடைக்கும். எஃப்எக்ஸ் பிரிக்ஸ் நிறுவனம் இதற்குப் பொருந்தும் உலோகத் தண்டவாளங்களைப் புதிதாகத் தயாரிப்பது ஓர் ஆறுதல். சிங்கப்பூரின் ஈரக் காற்றில் உலோகப் பரப்பு விரைவில் மங்கிவிடும். ஆல்கஹால் தோய்த்த துணியால் அவ்வப்போது துடைக்காவிட்டால் இன்ஜின் திக்கித் திக்கி ஓடும். ஒவ்வொரு வாரமும் பாதையைப் பிரித்துச் சேர்ப்பவருக்கு, ஒவ்வொரு மூட்டிலும் மின்தொடர்பு அறுபடாமல் பார்த்துக்கொள்வது கூடுதல் வேலை. பாதை தன்னையே திரும்பி வந்து தொடும் சுழல் வளைவை அமைத்தால், இடது தண்டவாளமும் வலது தண்டவாளமும் ஒன்றோடொன்று இணைந்து குறுக்கு மின்சுற்று ஏற்பட்டுவிடும். இன்னொன்றும் உண்டு: பழைய கட்டுப்பாட்டுப் பெட்டியை வெளிநாட்டிலிருந்து வாங்குபவர், அதனோடு வரும் மின்மாற்றி 230 வோல்ட்டுக்கு உரியதுதானா என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும், அமெரிக்காவின் 120 வோல்ட் மின்மாற்றியை நம் வீட்டு மின்துளையில் செருகினால் அது அத்தோடு சரி.

பவர் ஃபங்ஷன்ஸின் பெரிய பலம் அதன் செருகி. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகலாம் என்பதால், கம்பி செருகும் ஒரே வாயிலிலிருந்து இரண்டு மோட்டார்களையும் முன்விளக்குகளையும் இயக்கிவிட முடியும். பேட்டரிப் பெட்டியும், கட்டளையைப் பெறும் கருவியான வாங்கியும் தனித்தனியாக இருப்பதால், அவற்றை உடலுக்குள் வெவ்வேறு மூலைகளில் பிரித்துவைக்கலாம். பலவீனம், கட்டளை அகச்சிவப்புக் கதிரில் செல்வது. வாங்கியின் கறுப்புக் குமிழ் வெளியே தெரிய வேண்டும். அதற்காகவே கூரையில் ஒரு துளை விட வேண்டியிருக்கும். மேற்குப் பார்த்த கூடத்தில் மாலை வெயில் விழும்போது கட்டளை போய்ச் சேராது. இன்ஜின் சோபாவுக்குப் பின்னால் சென்றுவிட்டால் நிறுத்தவும் முடியாது. இதுவும் தயாரிப்பு நின்றுபோன வகைதான். ஆகவே ஏற்கெனவே கையில் வைத்திருப்பவர் பயன்படுத்திக்கொள்ளலாமே தவிர, புதிதாகத் தொடங்குபவர் இதற்காக அலைவதற்கு நியாயமில்லை.

பவர்டு அப் ஹப்பில் பேட்டரியும் ப்ளூடூத்தும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. ஆறு ஏஏஏ மின்கலங்கள், இரண்டு வாயில்கள், கைபேசி இல்லாமலே ஹப்போடு நேரடியாக இணையும் தனிக் கட்டுப்பாட்டுக் கருவி. ப்ளூடூத் என்பதால் கூரையில் துளை தேவையில்லை. ஆனால் ஹப்பை எழுப்ப அதன் தலையிலுள்ள பொத்தானை அழுத்தியாக வேண்டும். கூரையில் ஒரு காற்றாடி மூடியையோ புகைபோக்கியையோ மேலும் கீழும் அசையும்படி கட்டி, அது பொத்தானைத் தொடும்படி செய்துவிட்டால் ஒவ்வொரு முறையும் உடலைப் பிரிக்க நேராது. உண்மையான குறை, வாயில்கள் இரண்டே இரண்டு என்பதும் இவற்றின் செருகிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க முடியாது என்பதும்தான். இரண்டு மோட்டார் வைத்தால் விளக்குக்கு வாயிலில்லை. விளக்கு வைத்தால் மோட்டார் ஒன்றே. லெகோவின் டெக்னிக் எனும் இயந்திரக் கட்டை வகையைச் சேர்ந்த, நான்கு வாயில்களும் ஆறு ஏஏ மின்கலங்களும் கொண்ட டெக்னிக் ஹப் இதைத் தீர்க்கும், ஆனால் அது பருத்தது. 8 ஸ்டட் அகலத்துக்குக் குறைந்த உடலுக்குள் அதை வைப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை.

மின்கலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மறுமின்னேற்ற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு கலம் ஒன்று 1.2 வோல்ட், ஆறு சேர்ந்தால் 7.2. சாதாரண ஆல்கலைன் கலங்கள் ஆறு சேர்ந்தால் 9. முழு வேகம் முன்னதில் குறையும் என்பது உண்மை. ஆனால் கனமான ரயிலை இழுக்கும்போது ஆல்கலைன் ஏஏஏவின் மின்னழுத்தம் விரைவில் தொய்ந்துவிடுகிறது. நிக்கல் கலம் தன் அழுத்தத்தை நெடுநேரம் தாங்கி நிற்கிறது. வாராவாரம் ஓட்டுபவருக்கு மறுமின்னேற்றக் கலமே கணக்குக்கு ஒத்துவரும். ஒரு ஏஏஏ கலத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 800 மில்லியாம்பியர்-மணி, ஏஏ கலத்தினது ஏறத்தாழ 2,000 என்பதையும் மனத்தில் கொண்டால், டெக்னிக் ஹப்பின் பருமனுக்கு ஈடாக என்ன கிடைக்கிறது என்பது விளங்கும்.

பிற நிறுவனங்களின் பெட்டிகளில் ஸ்லோவேனியாவின் புவிஸ், ஹங்கேரியின் எஸ்பிரிக் ஆகிய இரண்டும் பரவலாக அறியப்பட்டவை. புவிஸில் லித்தியம் மின்கலம் உள்ளேயே இருப்பதால் அதை வைத்துவிட்டால் தனிப் பேட்டரிப் பெட்டி வேண்டியதில்லை. லெகோவின் சொந்தப் பெட்டிகளைவிட வலுவான மின்சாரத்தையும் அது தரும். எஸ்பிரிக்குக்கு மின்சாரம் தனியாக வேண்டும், ஆனால் மிகச் சிறியது, நான்கு வாயில்கள் உண்டு. இரண்டையும் ஓட்டக் கைபேசிச் செயலி தேவை. திரையைத் தடவி வேகத்தைக் கூட்டுவது எனக்கு ஒருபோதும் பிடித்ததில்லை. பிரிக்கன்ட்ரோலர் 2 என்ற செயலி, விளையாட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியின் பொத்தான்களால் இவற்றை இயக்க வழிசெய்வதால் அந்தக் குறை ஓரளவு தீர்கிறது. நீராவி இன்ஜினில், அல்லது இரண்டு வலுவான மோட்டார்கள் வேண்டிய நீண்ட சரக்கு ரயிலில்தான் இவற்றுக்கு உண்மையான தேவை எழுகிறது.

சக்கரத்திலேயே மோட்டாரா, பல்சக்கரம் வழியாகவா

ரயில் மோட்டார் என்று தனியாக விற்கப்படுவது, இரண்டு அச்சுகளும் மோட்டாரும் ஒரே கறுப்புப் பெட்டிக்குள் அடங்கிய ஒரு முழுச் சக்கரத் தொகுதி. அடிச்சட்டத்தின் முளையில் மாட்டி, கம்பியைச் செருகினால் வேலை முடிந்தது. உடலுக்குள் ஒரு ஸ்டட் இடத்தைக்கூட அது எடுத்துக்கொள்வதில்லை. எம்ஆர்டிக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை, ஏனெனில் நிஜ எம்ஆர்டியிலும் மோட்டார்கள் சக்கரங்களோடு தரைக்குக் கீழேதான் இருக்கின்றன.

கேடிஎம் இன்ஜினில் ஒரு சிக்கல் உண்டு. ஹிட்டாச்சி கட்டிய 24 வகுப்பு உள்ளிட்ட அதன் பெரிய டீசல் இன்ஜின்களில் ஒவ்வொரு சக்கரத் தொகுதியிலும் மூன்று அச்சுகள். ரயில் மோட்டாரிலோ இரண்டே. எளிய தீர்வு, மோட்டாரின் ஒரு முனையில் சும்மா உருளும் மூன்றாவது அச்சைக் கீல் போட்டு இணைத்து, மூன்றையும் ஒரே பக்கச் சட்டத்தால் மறைத்துவிடுவது. உண்மைக்கு நெருக்கமான தீர்வு, டெக்னிக் துண்டுகளால் மூன்று அச்சுத் தொகுதியைக் கட்டி, உடலுக்குள் படுத்திருக்கும், லெகோவின் எல் எனும் பெரிய அளவு மோட்டாரிலிருந்து செங்குத்தான தண்டு வழியாக விசையைக் கீழே இறக்குவது. அப்படிச் செய்பவர் நடு அச்சைக் கவனிக்க வேண்டும்: முன், பின் அச்சுகளின் இடைவெளி 64 மில்லிமீட்டர் என்றால், 320 மில்லிமீட்டர் ஆர வளைவில் நடுச் சக்கரம் 1.6 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர வேண்டியிருக்கும். அச்சு துளைக்குள் இடமும் வலமும் வழுக்குமாறு சற்று விட்டுவைத்தால் போதும். இறுக்கிப் பூட்டினால் ஒவ்வொரு வளைவிலும் தடம் புரளும். உடல் முழுவதும் பல்சக்கரங்களால் நிரம்பிவிடுவதால் ஹப்புக்கு இடம் தேடுவது மறுபடியும் தலைவலியாகிறது. முதல் இன்ஜினுக்கு முந்தைய தீர்வையே பரிந்துரைக்கிறேன். பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

நீராவி இன்ஜினில் இந்தச் சலுகை இல்லை. இயங்குசக்கரங்கள் பெரியவை, வெளியே தெரிபவை, இணைப்புத் தண்டுகளோடு சுழல வேண்டியவை. டெண்டரில் ரயில் மோட்டாரை வைத்து இன்ஜினைப் பின்னாலிருந்து தள்ளவிடுவது ஒரு வழி. ஆனால் முன்சக்கரங்கள் சில சமயம் சுழலாமல் இழுபட்டுச் சறுக்குவதைக் கண்டால் மனம் ஒப்பாது. இயங்குசக்கரங்களையே மோட்டாரால் சுழற்றுவதுதான் முறை. 2009இல் வெளிவந்த லெகோவின் எமரால்டு நைட்டும் அதே 4-6-2 அமைப்புதான். அதில் மோட்டாரைக் கொதிகலன் பக்கமும் பேட்டரியைப் பின்வண்டியிலும் வைக்க வழி இருந்தது, நடு இயங்குசக்கரத்துக்கு விளிம்பு கிடையாது. 56 வகுப்பைக் கட்டுபவர் அதன் அடிச்சட்டத்தை ஆராய்ந்து பார்ப்பது நல்ல தொடக்கம். வலப் பக்கத் தண்டும் இடப் பக்கத் தண்டும் கால் சுற்று விலகி நிற்க வேண்டும் என்ற விதியும் லெகோவில் தானாகவே நிறைவேறுகிறது. டெக்னிக் அச்சின் குறுக்குவெட்டு கூட்டல் குறி வடிவில் இருப்பதால் ஒரு சக்கரத்தை மட்டும் ஒரு படி திருப்பிச் செருகினால் சரியாக 90 பாகை கிடைத்துவிடும்.

அங்கே எந்த மோட்டார் என்பதை வேகமே முடிவு செய்கிறது. பவர் ஃபங்ஷன்ஸ் எல் மோட்டார் 9 வோல்ட்டில், சுமையின்றி, நிமிடத்துக்கு ஏறத்தாழ 390 சுற்று. அதைவிடப் பெரிய எக்ஸ்எல் மோட்டார் ஏறத்தாழ 220. பெரிய இயங்குசக்கரத்தின் விட்டம் ஏறத்தாழ 30 மில்லிமீட்டர், ஒரு சுற்றுக்கு 94 மில்லிமீட்டர் நகரும். பல்சக்கர மாற்றமின்றி நேரடியாக இணைத்தால் எல் மோட்டாரில் நொடிக்கு 61 சென்டிமீட்டர், எக்ஸ்எல்லில் 34 சென்டிமீட்டர். 1:48க்குப் பெருக்கினால் மணிக்கு 106 கிலோமீட்டரும் 60 கிலோமீட்டரும் ஆகின்றன. சுமை ஏறினால் இரண்டும் குறையும். புக்கிட் தீமா இரும்புப் பாலத்தை நிதானமாகக் கடந்த ரயிலை மனத்தில் வைத்திருப்பவருக்கு எக்ஸ்எல் வேகமே இயற்கையாகத் தோன்றும். அதன் இழுவிசையும் அதிகம். ஆனால் அது நான்கு ஸ்டட்டுக்குக் குறையாத பருமன் உடையது, ஒடுக்கமான கொதிகலனுக்குள் அடங்க மறுக்கும். அதனால் எல் மோட்டாரைக் கொதிகலனுக்குள் வைத்து, பல்சக்கரத்தால் வேகத்தைக் குறைப்பதே பெரும்பாலும் கைகூடும் வழி.

எந்த மோட்டாரானாலும், அதன் விசை தண்டவாளத்துக்குப் போய்ச் சேருவது சக்கரத்தின் மேல் அழுத்தும் எடையாலும் ரப்பர் வளையத்தின் பிடிப்பாலும்தான். இன்ஜினின் கனமான பொருள் பேட்டரிப் பெட்டி. மோட்டார் பின்பக்கத் தொகுதியில் மட்டும் இருந்தால் ஹப்பும் பின்பக்கமே இருக்க வேண்டும். அழகுக்காக அதை நடுவில் வைத்தால் மூன்று பெட்டிகளை மாட்டியதும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். ரப்பர் வளையங்கள் இங்குள்ள வெப்பத்தில் சில ஆண்டுகளில் இளகியோ விரிசல் விட்டோ போய்விடுகின்றன, ஆகவே மாற்று வளையங்களைச் சேர்த்தே வாங்கிவிடுவது நல்லது.

இரண்டு ரயில் மோட்டார்களை எதிரெதிர் முனைகளில் வைத்தால் ஒன்று மற்றொன்றுக்கு எதிர்த்திசையில் சுழலும் என்பதை மறக்கக் கூடாது. பைபிரிக்ஸ் என்ற இலவச மென்பொருளை ஹப்பில் ஏற்றி, ஒரே பொத்தானுக்கு இரண்டு வாயில்களும் எதிர்த் திசைகளில் இயங்குமாறு சில வரிகள் எழுதிவிட்டால் இது தீரும். வேகம் படிப்படியாகக் கூடுமாறும் அதிலேயே அமைத்துக்கொள்ளலாம். கனமான ரயில் திடுமெனப் பாய்ந்து காந்த இணைப்பு கழன்றுபோவதை இது தடுக்கிறது.

தேர்வும் கொள்முதலும்

முதல் இன்ஜின் கட்டுபவருக்கு, 8 ஸ்டட் அகலத்தில் 40 ஸ்டட் நீளமுள்ள கேடிஎம் டீசல், அடியில் ஒரு பவர்டு அப் ரயில் மோட்டார், அதற்கு நேர் மேலே ஹப், மீதி வாயிலில் விளக்கு. அளவீட்டுக்கு 7 ஸ்டட்டே சரி என்பதை அறிந்தே இதைச் சொல்கிறேன். எம்ஆர்டியில் மனம் வைத்தவர், சுருக்கிய பெட்டிகள் மூன்றோடு தொடங்கி, இரண்டு மோட்டார்களையும் ஹப்பையும் நடுப் பெட்டியில் வைத்துவிட்டால், முனைப் பெட்டிகள் இரண்டும் சன்னல் வழியே பார்த்தாலும் இருக்கைகளோடு முழுமையாகத் தெரியும். 56 வகுப்பைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பவர் எல் மோட்டாரையும், டெண்டருக்குள் அடங்கும் லித்தியம் பெட்டியையும் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். மூவருமே பிரிக்லிங்க் ஸ்டுடியோ என்ற இலவச மென்பொருளில் முதலில் வரைந்து பார்க்கலாம். ஹப்பும் மோட்டாரும் அதில் கட்டைகளாகவே கிடைக்கின்றன என்பதால், எங்கே இடிக்கிறது என்பது ஒரு வெள்ளி செலவழிக்கும் முன்பே தெரிந்துவிடும். கம்பியின் வளைவை மட்டும் திரை சரியாகக் காட்டாது, அதற்கு இரண்டு ஸ்டட் கூடுதலாக விட்டுவையுங்கள்.

வாங்கும்போது, இந்த வரிக்குப் பதிவு செய்துள்ள வெளிநாட்டு விற்பனையாளர்களிடமிருந்து வரும் 400 வெள்ளி வரையிலான பொருள்களுக்கும் 2023 ஜனவரி முதல் பொருள், சேவை வரி உண்டு என்பதையும், 2024 ஜனவரி முதல் அது 9 விழுக்காடு என்பதையும் விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும். விளக்குகளுக்கான சின்னஞ்சிறு எல்இடிகளும் மெல்லிய கம்பியும் ஜாலான் புசார் பக்கம் சிம் லிம் டவரில் கிடைக்கும். கேரோசலில் பழைய மோட்டார்களை வாங்குபவர், நேரில் சென்று பேட்டரிப் பெட்டியோடு ஓட்டிப் பார்த்து வாங்குவது மேல். கம்பியின் உறை வெடித்திருக்கிறதா என்று செருகியின் அருகில் பார்க்க வேண்டும். லித்தியம் மின்கலமுள்ள பெட்டிகளை விமானத்தில் அனுப்புவதற்குக் கட்டுப்பாடுகள் இருப்பதால் சில விற்பனையாளர்கள் அவற்றை அனுப்ப மறுப்பதும், அனுப்பினாலும் செலவு கூடுவதும் வழக்கம். ஆகவே டெண்டரின் உள்ளளவை அந்தப் பெட்டிக்கென்றே முடிவு செய்யும் முன், அதை இங்கே அனுப்பிவைப்பார்களா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும்.